எம்.எஸ். என்று சொல்லிவிட்டார்களா? ஆராய்ச்சியை எடைபோட்டு வாழ ஒரு வழிகாட்டி

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்று சொல்லி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை என்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு ஒன்பது வருஷம் ஆகிறது. குழித்துறைக்குப் பக்கத்தில் வீடு, தையல் மெஷினில் பிழைப்பு. ஊசியில் நூல் கோக்க முடியாமல் இடது கண் மங்கியபோது, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

நோயின் பெயர் தெரிந்த அன்றைக்கே ஆளாளுக்கு ஒரு யோசனை. தேங்காய் எண்ணெயைத் தொடாதே என்று சின்னம்மா சொன்னார். அந்த எண்ணெயே மருந்து, காலையில் இரண்டு ஸ்பூன் குடி என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். கோதுமை ஆகாது, பால் ஆகாது, வெயிலில் நில், வெயிலில் நிற்காதே. எல்லோரும் எங்கோ படித்ததைத்தான் சொன்னார்கள். இதில் எதைக் கேட்பது, எதைத் தள்ளுவது என்று பிடிபடவே எனக்கு மூன்று வருஷம் போய்விட்டது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

1. முதலில் மருந்து

சாப்பாட்டையும் நடையையும் பற்றி எழுத வந்தவள் மருந்தில் ஆரம்பிக்கிறேனே என்று பார்க்காதீர்கள். மூளை, தண்டுவட நரம்புகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. வயரின் மேல் பிளாஸ்டிக் இருப்பது மாதிரி. எம்.எஸ்.ஸில் நம் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தின்கிறது. சுமார் 85 சதவீதம் பேருக்கு ஆரம்பத்தில் வந்து வந்து போகும் வகைதான். போய்விட்டதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் சத்தமில்லாமல் ஒரு புதுத் தழும்பு இருக்கும். அதைத் தடுக்கும் வேலையை டைமெத்தில் ஃபியூமரேட், ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகள்தான் செய்கின்றன. மீனும் நடையும் அவற்றுக்குத் துணை. மருந்தை நிறுத்திவிட்டு மீன் தின்றால் பலன் மீன்காரருக்குத்தான்.

டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: எம்.எஸ். மாதிரியே தெரியும் வேறு நோய்களைப் பிரித்துக் காட்டும் அக்வாபோரின் 4, மாக் ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனைகள் எனக்கு வேண்டுமா? நியூரோமைலைடிஸ் ஆப்டிகா என்று ஒரு நோய் உண்டு. கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும், பார்வைக்கு எம்.எஸ். மாதிரியே இருக்கும். ஆனால் எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட் போன்ற சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கிவிடும். பி12 அளவையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் கால் மரத்துப்போகும்.

நம் பக்கத்தில் பாதிப் பேர் நாகர்கோவிலில் காட்டுகிறோம். மீதிப் பேர் காலை ரயிலைப் பிடித்து எல்லை தாண்டித் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மாதிரி இடங்களுக்குப் போகிறோம். இரண்டு ஊரிலும் மாறி மாறிக் காட்டினால் இங்கே கொடுத்த மருந்து அங்கே தெரியாமல் போகும். மருந்து, அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய காரணம், இதெல்லாம் ஒரே தாளில் உங்கள் கையில் இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கு ஃபிலிமோடு சி.டி.யும் கேட்டு வாங்குங்கள். என் முதல் ஃபிலிம் ஒரு ஆடி மழையில் பீரோவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது பாதி மூளை உரிந்து வந்துவிட்டது.

2. ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் எழுத வேண்டாம், எழுதினால் நோயையே நினைத்துக்கொண்டிருப்போம். புதிதாக ஏதாவது வந்தால் மட்டும் எழுதுங்கள். என்ன, எப்போது தொடங்கியது, காய்ச்சல் உண்டா, தூக்கம் எப்படி, எப்போது போனது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புதுத் தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்து, காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் இருந்தால்தான் அதை உண்மையான தாக்குதல் என்று டாக்டர்கள் கணக்கில் எடுப்பார்கள். எனக்கு ஒருமுறை இரண்டு காலும் துணி மாதிரி துவண்டுவிட்டது. ஸ்டீராய்டு ஏற்ற வேண்டிவரும் என்று அழுதுகொண்டே போனேன். பார்த்தால் மூத்திரத் தொற்று. ஆன்டிபயாடிக் போட்ட நான்காம் நாள் கால் திரும்ப வந்தது.

3. ஆராய்ச்சியை எடைபோடப் பழகுங்கள்

"எம்.எஸ்.ஸுக்கு இது நல்லது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் நான் ஐந்து கேள்வி கேட்பேன். யாரிடம் பார்த்தார்கள்? எத்தனை பேர்? யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை நாள்? மறுபடி செய்தபோதும் அப்படியே வந்ததா?

ஸ்வாங்க் என்ற நரம்பியல் டாக்டரின் கதையில் போட்டுப் பாருங்கள். நார்வேயில் உள்நாட்டு விவசாயக் கிராமங்களில் எம்.எஸ். அதிகம், மீன் தின்னும் கடற்கரை ஊர்களில் குறைவு என்று 1952ல் அவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். கனடாவின் மான்ட்ரியலில் தன் நோயாளிகளுக்குக் கொழுப்பை மிகவும் குறைத்த சாப்பாடு கொடுத்து, 144 பேரை 34 வருஷம் பின்தொடர்ந்து 1990ல் முடிவை வெளியிட்டார். சொன்னபடி சாப்பிட்டவர்களுக்கு நடமாட்டமும் ஆயுளும் நன்றாக இருந்தன. 34 வருஷம்! ஒரு மனிதனின் உழைப்பைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். ஆனால் மூன்றாம் கேள்வியில் இடறுகிறது. ஒப்பிட வேறு கூட்டம் வைக்கவில்லை. நோய் முற்றியவர்கள் பத்தியத்தை விட்டார்களா, பத்தியத்தை விட்டதால் நோய் முற்றியதா? அவருடைய கணக்கில் இதைப் பிரிக்க முடியாது.

அதே சிக்கல் ஹோலிசம் ஆய்விலும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் ஜெலினெக் என்ற டாக்டருக்கு 1999ல் எம்.எஸ். வந்தது. அவருடைய அம்மாவுக்கும் இதே நோய்தான். ஜெலினெக் மெல்பர்னில் 2012ல் தொடங்கிய அந்த ஆய்வில் 57 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 2,500 நோயாளிகள் தங்கள் சாப்பாடு, நடை, புகை, தியானம் பற்றி இணையத்தில் பதில் எழுதினார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள், உடற்பயிற்சி செய்கிறவர்கள், புகைக்காதவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆனால் நடக்க முடிகிறவர்தானே அதிகம் நடப்பார்? இப்படிப்பட்ட ஆய்வு ஒரு திசையைக் காட்டும். சத்தியம் பண்ணித் தராது. திசை காட்டுவதும் சின்ன விஷயம் இல்லை என்பது என் கட்சி. செலவில்லாத, கெடுதல் இல்லாத திசையாக இருந்தால் நான் நடந்துவிடுவேன்.

ஐந்தாம் கேள்விதான் எல்லாவற்றிலும் கடுமையானது. பயோட்டின் தெரியும் இல்லையா, முடி உதிராமல் இருக்க விற்கிறார்களே, அதுதான். தினம் 300 மில்லிகிராம் கொடுத்து 154 பேரிடம் பார்த்தபோது, முற்றிய நோயில் சிலருக்கு முன்னேற்றம் என்று 2016ல் வந்தது. உலகமே வாங்கித் தின்றது. 642 பேரிடம் மறுபடி செய்து 2020ல் வெளியிட்டார்கள், சர்க்கரை மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. போதாக்குறைக்கு அந்த அளவு பயோட்டின் தைராய்டு ரத்தப் பரிசோதனையையும் தப்பாகக் காட்டும். 2009ல் கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தால் எம்.எஸ். போகும் என்று இத்தாலியில் சம்போனி சொன்னார். அந்த ஆபரேஷனுக்காகக் கனடாவிலிருந்து இந்தியா வரைக்கும் ஆட்கள் வந்தார்கள். கடைசியில் அவரே முறையாக நடத்திய சோதனையில் பலன் இல்லை என்று 2017ல் வந்தது.

4. அடுக்களைக் கணக்கு

சின்னம்மா சரியா, எதிர்வீட்டு அக்கா சரியா? நான் ஒரு மாதம் அளந்து பார்த்தேன். செக்கில் வாங்கும் எண்ணெய்க் கன்னாஸில் பேனாவால் கோடு போட்டேன். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் போயிருந்தது. ஆளுக்கு நாளுக்கு 25 மில்லி. தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). அப்படியானால் எண்ணெயில் மட்டும் ஆளுக்கு நாளுக்குச் சுமார் 19 கிராம். இதில் அவியலுக்கும் துவரனுக்கும் துருவிய தேங்காய் சேரவில்லை. 100 கிராம் தேங்காய்த் துருவலில் இன்னொரு 30 கிராம் இருக்கிறது. ஸ்வாங்க் பத்தியத்தில் நிறைகொழுப்புக்கு எல்லை நாளுக்கு 15 கிராம்.

ஆகவே அந்தப் பத்தியத்தை அப்படியே பிடிப்பதென்றால் நம் சமையலையே தலைகீழாக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவு உறுதியான சான்றும் கிடையாது. ஸ்வாங்க் நார்வேயில் பார்த்தது வெண்ணெயும் பாலும் அதிகம் சேர்க்கும் குடும்பங்களை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடுகளில் எம்.எஸ். பொதுவாகக் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அதற்காக இரண்டு ஸ்பூன் எண்ணெயை மருந்தாகக் குடிப்பதற்கு ஆதாரம் எதுவும் நான் பார்த்ததில்லை.

நான் செய்தது இது. பொரிப்பதை வாரம் ஒரு நாளாக்கினேன். சாளையும் (மத்தி மீன்) அயிலையும் முன்பு வறுப்போம், இப்போது புளிமுளம். சாளையில் ஒமேகா 3 கொழுப்பு நிறைய, விலையும் குறைவு. வாரம் மூன்று நாள் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் என்றால் யாரும் கஷ்டப்பட்டுப் பத்தியம் இருப்பதாகச் சொல்ல மாட்டார்கள். தாளிப்புக்குத் தேங்காய் எண்ணெய்தான், ஆனால் ஸ்பூனில். கன்னாஸிலிருந்து நேரே சட்டிக்கு ஊற்றுவதை நிறுத்தினதிலேயே மாதம் ஒரு லிட்டர் மிச்சம். என் மாமியார் முதல் வாரம் முறைத்தார். "மக்ளே, இது கறியா, கஷாயமா?" என்று கேட்டார். இப்போது அவருடைய கொலஸ்ட்ரால் குறைந்ததும் பெருமை முழுக்க அவருக்கே.

கோதுமை, பால் எல்லாவற்றையும் விட வேண்டுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் அயோவாவில் 87 பேரை இரண்டு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்கு ஸ்வாங்க் பத்தியம். மற்ற கூறுக்கு, எம்.எஸ். உள்ள டாக்டரான டெர்ரி வால்ஸ் வகுத்த, தானியமும் பாலும் விலக்கிய பத்தியம். 2021ல் வந்த முடிவில் இரண்டு கூறிலும் களைப்பு குறைந்திருந்தது. ஒன்று இன்னொன்றைப் பெரிதாக மிஞ்சவில்லை. வழக்கமான சாப்பாடு சாப்பிடும் மூன்றாவது கூறு இல்லாததால், குறைத்தது பத்தியமா கவனிப்பா என்று சொல்ல முடியாது. நான் எடுத்துக்கொண்டது: காய்கறியும் மீனும் கூடட்டும், பொரித்ததும் பாக்கெட்டில் வருவதும் குறையட்டும். சப்பாத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

5. வைட்டமின் டி, ஆனால் அளவோடு

இவ்வளவு வெயில் இருந்தும் நம் நாட்டில் டி குறைவு சர்வசாதாரணம். அதனால் முதலில் ரத்தத்தில் அளவு பாருங்கள். டி மாத்திரை எம்.எஸ்.ஸை அடக்குமா என்பதில் ஆய்வுகள் முட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவில் 172 பேரிடம் வேறு எம்.எஸ். மருந்தோடு சேர்த்து, பாதிப் பேருக்குத் தினம் 5,000 யூனிட், மீதிப் பேருக்கு 600 யூனிட் கொடுத்தார்கள். தாக்குதல்களில் வித்தியாசம் இல்லை என்று 2023ல் சொன்னார்கள். பிரான்சில் நோய் அப்போதுதான் தலைகாட்டிய, வேறு மருந்து தொடங்காத 316 பேரிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் நோய் கிளர்ந்தது டி எடுத்தவர்களில் 60 சதவீதம், எடுக்காதவர்களில் 74 சதவீதம் என்று 2025ல் வெளியிட்டார்கள். முதல் கேள்வியை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆய்விலும் ஆட்கள் வேறு, அளவும் வேறு.

இதைவிட முக்கியம் கடையில் வாங்கும் 60,000 யூனிட் பாக்கெட். அது பெரும்பாலும் வாரம் ஒன்று. தினம் ஒன்று என்று நினைத்துக் குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.

6. சூடு, நடை, கிழி

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள். ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர், சில நோயாளிகளுக்கு உடல் உழைத்தபின் பார்வை மங்கித் திரும்புவதை 1890ல் எழுதினார். காரணம் உடம்புச் சூடு என்று பிற்பாடு தெரிந்தது. உறை கிழிந்த நரம்பில் சூடு கொஞ்சம் ஏறினாலே செய்தி போவது தடைபடும். எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துக்கூட இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள்.

எனக்கு இது தெரியாது. நோய் வந்த இரண்டாம் வருஷம், கால் மரப்புக்கு நல்லது என்று ஒரு வைத்தியசாலையில் கிழியும் (சூடான மருந்து மூட்டை ஒத்தடம்) ஆவிக்குளியும் ஏற்பாடு செய்தார்கள். ஆவிப்பெட்டியில் தலை மட்டும் வெளியே. பத்து நிமிஷம் ஆகியிருக்கும், எதிரே மாட்டியிருந்த காலண்டரில் சிவப்பு எழுத்து சாம்பலாகியது, அப்புறம் காலண்டரே இல்லை. எழுந்தேன், முழங்கால் நிற்கவில்லை. கத்தினேன். திண்ணையில் படுக்கவைத்து என் கணவர் ஈரத் துவர்த்தை, அதாவது துண்டை, கழுத்திலும் கையிலும் மாற்றி மாற்றிப் போட்டார். முக்கால் மணி நேரத்தில் காலண்டர் திரும்ப வந்தது. நரம்புக்குப் புதிதாக எதுவும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு நான் தனியாகக் குளத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

ஆகவே ஈரத் துவர்த்து ஒன்று பையில் எப்போதும். பங்குனி, சித்திரையில் கல்யாண வீடு என்றால் பந்திக்கு முன்பே போய் வந்துவிடுவது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலைத் தள்ளிப்போடாமல் போட்டுவிட்டு, காரணத்தைத் தேடுவது.

சூடு ஆகாது என்பதால் உடற்பயிற்சியே வேண்டாம் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். 1996ல் அமெரிக்காவின் யூட்டாவில் 15 வாரம், வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளின் உடல் வலு கூடியது. நோய் மோசமாகவில்லை. அதற்கப்புறம் பேச்சு மாறியது. நோய் மிதமாக உள்ளவர்களுக்குக் கனடாவில் வகுத்த அளவு: வாரம் இரண்டு நாள் 30 நிமிஷம் மூச்சு வாங்கும் அளவு நடை அல்லது சைக்கிள், இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. அவ்வளவுதான். நம் ஊரில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் தோட்டத்துக்குக் கிளம்பும் அதிகாலைதான் நமக்கும் நல்ல நேரம். ஆனால் கொஞ்சம் வெளிச்சம் வந்தபின் கிளம்புங்கள், வேர் தடுக்கும். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நடப்பது இன்னும் நல்லது, உடம்பு சூடாகாது. ஆனால் பாசி பிடித்த படித்துறையில் தனியாக இறங்காதீர்கள்.

வர்மம், சித்தா, ஆயுர்வேதம் எல்லாம் நம் மண்ணில் ஊறியவை. இதமான எண்ணெய்த் தடவலில் எனக்கு இறுக்கம் குறைகிறது, அதை விட மாட்டேன். சூடு வைப்பதையும் உள்ளுக்குக் குடிப்பதையும் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் என்று கொரோனா காலத்தில் எல்லோரும் சீந்தில்கொடி குடித்தார்கள். சிலருக்கு ஈரல் கெட்டதை மும்பை டாக்டர்கள் 2021ல் எழுதினார்கள். நமக்குத் தொல்லையே எதிர்ப்புச் சக்தி தறிகெட்டு ஆடுவதுதானே, அதை எதற்கு ஏற்ற வேண்டும்?

7. பீடி, சிகரெட்

இதில் எடைபோட ஒன்றுமில்லை, நிறுத்துங்கள். ஸ்வீடனில் 2015ல் வந்த ஆய்வில், நோய் தெரிந்த பிறகும் புகைத்த ஒவ்வொரு வருஷமும், நோய் முற்றிய கட்டத்துக்குப் போகும் வேகத்தை 4.7 சதவீதம் கூட்டியது. வீட்டுக்குள் புகைக்கும் அண்ணனுக்கும் இதைக் காட்டுங்கள்.

8. "நீ என்ன செய்ததால் வந்தது?"

இந்தக் கேள்வி வரும். பெண்களுக்கு அதிகம் வரும், ஏனென்றால் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம், அதுவும் கல்யாண வயதில். அமெரிக்க ராணுவத்தில் 1 கோடிக்கும் மேற்பட்டவர்களின் ரத்தப் பதிவுகளைப் பார்த்து 2022ல் ஒன்று சொன்னார்கள். எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு ஏறுகிறது. அந்த வைரஸ் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது, ஆனால் மிகச் சிலருக்குத்தான் எம்.எஸ். வருகிறது. நீங்கள் எதையும் தின்று வரவழைத்துக்கொள்ளவில்லை. குழந்தை பெறலாமா என்றால், பெறலாம். ஐரோப்பாவில் 254 பெண்களைப் பார்த்த 1998 ஆய்வில், கடைசி மூன்று மாதத்தில் தாக்குதல் வெகுவாகக் குறைந்தது, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதத்தில் கூடியது. கர்ப்பத்துக்கு ஆகாத மருந்துகள் இருப்பதால் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும், அவ்வளவுதான்.

மனச்சோர்வு எம்.எஸ். உள்ளவர்களில் பாதிப் பேரை வாழ்நாளில் ஒருமுறையாவது பிடிக்கிறது. அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. மன அழுத்தத்தைக் கையாளப் பழக்கும் சிகிச்சையை 121 பேரிடம் செய்து பார்த்த 2012 ஆய்வில், சிகிச்சை நடந்த 24 வாரமும் எம்.ஆர்.ஐ.யில் புதுத் தழும்பு குறைந்தது. சிகிச்சையை நிறுத்தியதும் அந்தப் பலனும் நின்றது. தினமும் குளிக்கிற மாதிரிதான் இதுவும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

9. அட்டையும் கடைசிப் பக்கமும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். பெயரோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. வெளியே பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய் என்று ஒரு அலுவலகத்தில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். சட்டத்தின் பட்டியலை அச்செடுத்து அந்த வரியில் கோடு போட்டுக் கொண்டுபோனபின் மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. சிகிச்சை திருவனந்தபுரத்தில் என்றாலும், மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டைக்கு உங்கள் ரேஷன் கார்டு இருக்கும் மாவட்டத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை டாக்டரிடம் கேட்க ஒதுக்குங்கள். மூன்று கேள்வி, அதற்கு மேல் வேண்டாம், வரிசையில் நாற்பது பேர் நிற்பார்கள். போன தடவை நான் எழுதிப் போனவை: டி அளவு போதுமா, அடுத்த எம்.ஆர்.ஐ. எப்போது, சித்திரை மாதம் தங்கச்சி வீட்டுப் பால்காய்ச்சுக்குத் திருநெல்வேலி போகலாமா. மூன்றாவதற்கு டாக்டர் தலையைத் தூக்காமலே, "ராத்திரி பஸ்ஸா, பகல் பஸ்ஸா?" என்று கேட்டார். ராத்திரி என்றேன். சரி என்றார்.